கல்லுக்குள் நிற்கும் பெண்கள்

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்தில் பழைய கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ மூன்று பலகைக்கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு மூடுகல்லைச் சாய்த்திருப்பார்கள். முன்பக்கம் திறந்திருக்கும். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல், அதில் வில்லோ வாளோ ஏந்திய ஒருவன். அவன்தான் வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் முழுக்க நடுகல்லுக்கு மக்கள் வைத்த பெயர் இது. கட்டட அமைப்பைப் பார்த்தால் பெருங்கற்காலத்துக் கல்திட்டையின் தம்பி என்று சொல்லலாம். இறந்தவருக்கு எழுப்பிய கல்வீடு, இறந்து தெய்வமானவருக்கும் வீடாகிவிட்டது.

ஜப்பானின் ஷிண்டோ கோயில்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த மரத்தடிகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கும் மரமும் பாறையும் முன்னோரும் தெய்வம். இசே பெருங்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தால் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். இந்த வழக்கப்படி முதன்முதலில் கட்டியது 690இல் என்பது மரபு. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஜித்தோ என்ற பேரரசி. அங்குள்ள தெய்வமும் பெண், அமதெராசு. அரச குடும்பத்து மணமாகாத பெண் ஒருவரை அங்கே சேவைக்கு அனுப்பும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. கன்னியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுப்பினார்கள். அதை நான் கொண்டாடவில்லை. ஆனாலும் அந்த வரலாற்றில் பெண் எங்கே நின்றாள் என்று கேட்டால் பதில் இருக்கிறது. நம் கற்களிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்.

1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ வந்தது. 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’. மாடு மேய்க்கும் காட்டில் கிடந்த கற்களெல்லாம் பல்லவர் காலத்து ஆவணங்கள் என்று அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. வட்டெழுத்தில் நாலைந்து வரிகள்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன தலைவன், அவனுடைய சேவகன், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டுமந்தை. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள கல்லில், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு, பெயரும் உண்டு: கோவிவன். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. நாயை நன்றியோடு எழுதிவைத்த அந்த மனிதர்கள் மீது எனக்கு மரியாதைதான். ஆனால் அந்த வீரனைப் பெற்றவள் யார், அவன் போனபின் அந்த மாடுகளைக் கறந்தவள் யார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

கல்லில் பெண் உருவமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிற்காலக் கற்கள் அடுக்கடுக்காக இருக்கும். கீழே சண்டை, நடுவில் வீரனைத் தோளணைத்து மேலே அழைத்துப்போகும் வானுலகப் பெண்கள், மேலடுக்கில் அவன் அமர்ந்திருக்க, இருபுறமும் சாமரம் வீசும் பெண்கள். பொங்கல் வைக்க வருகிறவர்களிடம் கேட்டால், “சாமியோட சம்சாரம்” என்பார்கள். சாமரப் பெண்ணுக்குத் தாலி கட்டிவைத்துவிட்டோம்!

மண்ணில் வாழ்ந்த பெண்ணுக்குத் தனியாகக் கல் கிடைத்தது பெரும்பாலும் அவள் எரிந்த பிறகு. கர்நாடக எல்லையை ஒட்டி மாசதிக்கல் என்பார்கள். தமிழகத்தின் பல ஊர்களில் தீப்பாஞ்சம்மன். சில கற்களில் முகம்கூட இல்லை. ஒரு தூண், அதிலிருந்து மடங்கி உயர்ந்த ஒரு கை, கை நிறைய வளையல். வளையல் உடைபடாததுதான் அங்கே செய்தி. கைம்பெண் வாழ்வு எத்தனை கொடுமையாக இருந்திருந்தால் நெருப்பு மேல் என்று தோன்றியிருக்கும் என்பதைப் புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு வேளைக்கீரை, பருக்கைக்கல் படுக்கை என்று பட்டியலிட்டே சொல்லிவிட்டார். சென்னை மாகாணத்தில் 1830இல் உடன்கட்டை தடைசெய்யப்பட்டது. 1987இல் ரூப் கன்வர் எரிந்த பிறகு வந்த சட்டம், அதைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. நாமோ அந்தக் கைக்கு மஞ்சள் பூசி, கணவனின் ஆயுளுக்கு வேண்டிக்கொள்கிறோம்.

கல் நடும் சடங்கைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசை முழுவதையும் ஒரு பெண்ணுக்குச் செய்துகாட்டியது சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம். கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவியா, நியாயம் கேட்டு நம் நாட்டுக்கு வந்தவளா, யாரை வியப்பது என்று செங்குட்டுவன் கேட்கிறான். முன்னவள் வானகத்தில் சிறப்புப் பெறட்டும், நாம் வழிபட வேண்டியது நம் நாட்டுக்கு வந்தவளை என்கிறாள் வேண்மாள். இமயத்துக் கல் கண்ணகிக்கு வருகிறது. இத்தனை தெளிவாகப் பேசிய அரசியை நாம் பாடப்புத்தகத்தில் எங்கே வைத்தோம்?

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரி போகும் வழியில் அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஊர். தேய்பிறை அஷ்டமியன்று பூசணியில் விளக்கேற்றக் காலபைரவர் கோயிலுக்குக் கூட்டம் நெரியும். அந்த அஞ்சிக்கும் நடுகல் நட்டார்கள். அதை நமக்குச் சொன்னவர் ஔவையார். அவர் அவனுக்கு மனைவியல்ல. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவனோடு கள் பகிர்ந்தவர். மயிற்பீலி சூட்டிய கல்லின் முன் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தத் துளியை வாங்கிக்கொள்வானா என்று அவர் கேட்கிறார்.