படிகாரமும் பட்டைநாரும்: மரக்கட்டை அச்சுக்கான ஜப்பானியக் கைத்தாள் தேர்வும் சோழமண்டலத் துணியச்சும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சில் தாளின் தேர்வு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நார், பசைப்பூச்சு, ஈரம் ஆகிய மூன்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டை செதுக்கவும் படிகாரத்தைக் கையாளவும் அறிந்திருந்த சோழமண்டலக் கரையில் தாளின்மீது மரக்கட்டை அச்சு ஏன் வேர்கொள்ளவில்லை என்ற வினாவுக்கு, அங்குக் கிடைத்த தாளின் இயல்பிலிருந்து ஒரு விடையை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: கைத்தாள், கோசோ, மரக்கட்டை அச்சு, படிகாரம், சோழமண்டலத் துணி, சரசா

வினா

தமிழ் அச்சு வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எழுத்துருவையும் அச்சுப்பொறியையும் பற்றியே எழுதினர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் முதல், 1679இல் அம்பலக்காட்டில் மர எழுத்துகளைக் கொண்டு அச்சிடப்பெற்ற தமிழ் - போர்த்துகீசிய அகராதி வரை எழுத்தை வெட்டியவர் யார், வார்த்தவர் யார் என்பன நுணுகி ஆராயப்பட்டுள்ளன. அவ்வெழுத்து எதன்மேல் பதிந்தது என்பது அதே அளவில் ஆராயப்படவில்லை. தாள் எங்கும் கிடைக்கும் பொருள், அச்சாளரின் முடிவில் அதற்குப் பங்கில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். மரக்கட்டை அச்சைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றிலும் பிழை.

பாலாற்றங்கரையை ஒட்டிய செவிலிமேடு இன்று காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. அங்கும் காஞ்சியின் பிற நெசவுத் தெருக்களிலும் பாவை நீள விரித்து அரிசிக் கஞ்சி ஏற்றி உலர்த்தும் வழக்கம் உண்டு. தறியில் உராய்வைத் தாங்கும் வலிமையை இழைக்குத் தருவது அக்கஞ்சி. இழையின் உறிஞ்சும் தன்மையையும் விறைப்பையும் விரும்பிய அளவில் மாற்றும் இவ்வறிவே மரக்கட்டை அச்சுத் தாளைப் பக்குவப்படுத்துவதற்கும் அடிப்படை. அறிவு இங்கிருந்தது, கட்டை செதுக்கும் கையும் இருந்தது. எனின் இல்லாதிருந்தது எது?

கட்டை மேலா, தாள் மேலா?

துணியச்சில் மெத்தையிட்ட பலகைமேல் துணியை விரித்து, வண்ணமோ காரமோ தோய்ந்த கட்டையை முகம் கவிழ்த்து அழுத்துவர். கட்டை நகர்கிறது, துணி கிடக்கிறது. ஜப்பானிய முறை இதற்கு நேர்மாறானது. மலைச்செர்ரி மரத்தில் செதுக்கிய கட்டை முகம் நிமிர்ந்து கிடக்க, நீரில் கரைத்த வண்ணத்தையும் சிறிது அரிசிப் பசையையும் அதன்மேல் தூரிகையால் பரப்பி, ஈரத்தாளை மேலே கவிழ்த்து, தாளின் முதுகை மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் தேய்ப்பர். பொறியின் அழுத்தம் இதில் இல்லை; கையின் அழுத்தம் தாளைக் கடந்தே கட்டையை அடைய வேண்டும்.

இம்முறையில் தாள் வண்ணத்தை ஏற்கும் பரப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அழுத்தத்தைக் கடத்தும் கருவியாகவும் தொழிற்படுகிறது. ஈரமாக இருக்கும்போது தேய்ப்பைத் தாங்க வேண்டும். முதுகில் மயிர் எழும்பக் கூடாது. ஒரு படத்துக்குப் பத்து வண்ணம் என்றால் பத்து முறை, வெவ்வேறு கட்டைகளின்மேல், 'கென்டோ' எனப்படும் மூலைக் குறிகளில் பொருந்தி அமர வேண்டும். ஈரத்தின் அளவு சற்றே மாறினாலும் தாள் விரியும் அல்லது சுருங்கும். வண்ணம் கோட்டை விட்டு விலகும். எனவேதான் அச்சாளர் தாளை முன்னாளே நனைத்து, அடுக்கி, ஈரம் சமமாகப் பரவ விட்டுவைப்பர். 1765ஆம் ஆண்டளவில் சுசுகி ஹருநோபுவின் பல வண்ணப் படங்கள் எடோ நகரில் வெளிவரத் தொடங்கியபோது, மெல்லிய மலிவுத் தாளை விடுத்துத் தடித்த 'ஹோஷோ' தாளுக்கு அச்சாளர் மாறியதன் காரணம் இதுவே. ஹோஷோ என்பது முதலில் மேலோரின் ஆணைகளை எழுதி அனுப்பும் ஓலைக்குரிய தாள். அரசாணைக்குரிய தாள் நடிகர், கணிகையர் படங்களுக்கு இறங்கி வந்ததைச் சமூக வரலாற்றாளர் தனியே ஆராயலாம்.

மூன்று பட்டைகள்

ஜப்பானியக் கைத்தாளுக்கு மூலமான செடிகள் முதன்மையாக மூன்று: கோசோ, மிட்சுமாத்தா, காம்ப்பி. இறுதிப் பெயரை நம் 'கம்பி'யோடு மயக்கிக்கொள்ளலாகாது. மூன்றிலும் பயன்படுவது தண்டின் உட்பட்டை நாரே.

இவற்றுள் கோசோவே மரக்கட்டை அச்சின் தாயகம் எனலாம். அதன் நார் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுடையது. மிட்சுமாத்தா, காம்ப்பி ஆகியவற்றின் நார் அதில் பாதிக்கும் குறைவு. வைக்கோல் நாரோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் நனைந்த கோசோத் தாள் கிழிவதில்லை. காம்ப்பித் தாள் பட்டுப்போல் மின்னும், நுண்கோட்டைத் துல்லியமாக ஏற்கும். ஆனால் ஈரம்பட்டால் சுருங்கி நெளியும். மிட்சுமாத்தா மென்மையும் வழவழப்பும் உடையது. தொடர்ந்த தேய்ப்புக்கு அவ்வளவு ஏற்றதன்று.

கோசோவை ஆங்கிலவழி எழுதுவோர் மல்பெரித் தாள் என்பர். அதனைத் தமிழில் முசுக்கட்டைத் தாள் என்று பெயர்த்தால் காஞ்சிபுரத்து வாசகர் பட்டுப்புழு தின்னும் இலையை உடனே நினைப்பர். கோசோ அதே குடும்பத்தைச் சார்ந்ததேயன்றி அதே செடியன்று. நேபாளத்து லோக்தாத் தாள் மிட்சுமாத்தாவும் காம்ப்பியும் சார்ந்த குடும்பத்தது. கோசோவுக்கு மாற்றாக அதனை வாங்குவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

நாரைச் சாம்பல்நீர் போன்ற காரநீரில் வேகவைத்து, அடித்துப் பிரித்து, நீர்த்தொட்டியில் கலக்குவர். அத்தொட்டியில் சேர்க்கப்படும் 'நெரி' என்னும் கொழகொழப்பு தோரோரோ-ஆஓய் என்ற செடியின் வேரிலிருந்து வருவது; அது நம் வெண்டையின் நெருங்கிய உறவு. வெண்டைக்காயை நறுக்கியோர் அக்கொழகொழப்பின் இயல்பை அறிவர். நீர் சல்லடையில் விரைந்து வடியாதபடி அது தடுக்க, சல்லடையை முன்னும் பின்னும் அசைத்து நார்களை மெல்லிய அடுக்குகளாகப் படியவைக்க முடிகிறது. வெப்பத்தில் நெரி நீர்த்துவிடும். ஆகவே தாள் வடிப்பு குளிர்காலத் தொழிலாயிற்று. 1798இல் வெளிவந்த, குனிசாக்கி ஜிஹெய் எழுதிய தாள் செய்முறைக் கையேடு இத்தொழிலை உழவர் குடும்பங்களின் பருவகாலப் பணியாகப் படங்களுடன் காட்டுகிறது. பாலாற்றங்கரையின் தட்பவெப்பத்தில் அதே முறையை அப்படியே நட்டுவிட இயலாது என்பதற்கு இஃதொரு காரணம் போதும்.

பாலும் பசையும்

வடித்து உலர்த்திய தாள் நீர்வண்ணத்தை மை ஒற்றும் தாள்போல் உறிஞ்சிவிடும், கோடு கசியும். இதனைத் தடுக்க விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த கரைசலை அகன்ற தூரிகையால் பூசுவர். இதன் பெயர் 'டோசா'. பசை நாரின் நுண்துளையை அடைக்கிறது. படிகாரம் பசையை இறுகச்செய்கிறது. பூச்சுக் குறைந்தால் வண்ணம் பரவும். மிகுந்தால் தாள் விறைத்து வண்ணத்தை ஏற்க மறுக்கும். படிகாரம் மிகுந்த தாள் அமிலத்தன்மையால் காலப்போக்கில் நொறுங்கும்.

சோழமண்டலக் கரையின் வண்ணத்துணியோடு இதனை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நடு இழை. அங்குத் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப்பொருள் காரத்தைப் பற்றுகிறது. பாலின் கொழுப்பும் புரதமும் கரைசல் இழைவழியே கசிந்து பரவாமல் தடுக்கின்றன. பின்னர்ப் படிகாரக் கரைசலை எழுதுகோலாலோ கட்டையாலோ இட்டு, சாயவேரில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஜப்பானியர் விலங்குப் பசையால் செய்ததை நம் சாயக்காரர் பாலால் செய்தனர். படிகாரம் இங்கே வண்ணத்தைப் பிணிக்கிறது. அங்கே பசையை இறுக்குகிறது. பணி வேறு, ஆனால் நீர்வண்ணத்தை எல்லைக்குள் நிறுத்தல் என்ற சிக்கலும் அதற்கு விலங்குப் புரதத்தை நாடிய தீர்வும் ஒன்றே.

ஆகவே தமிழகத்தில் தாள்மேல் மரக்கட்டை அச்சு வளராமைக்குத் தொழில்நுட்ப அறியாமை காரணமாகாது. தஞ்சைப் பகுதியின் கோடாலிக் கருப்பூர்ச் சேலையில் நெசவும் எழுதுகோலும் கட்டையும் ஒருங்கே பயின்றன. சென்னைக் கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராயிருந்த டபிள்யூ. எஸ். ஹாடவே 1917இல் சென்னை மாகாணத் துணி ஓவியத்தையும் துணியச்சையும் பற்றி வெளியிட்ட நூல் இத்தொழிலின் செழுமையைக் காட்டும். குறையாயிருந்தது தாளே.

இந்தியாவில் மரபாகச் செய்யப்பட்ட தாள் கந்தல், சணல்நார், பழந்தாள் முதலியவற்றிலிருந்து வந்தது. மாவுப்பசை பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். நாணற்கோல் வழுக்கிச் செல்ல அம்மெருகு இன்றியமையாதது. ஆனால் அது எழுதுதற்குரிய தாள். நனைத்தால் மெருகு குலையும், முதுகைத் தேய்த்தால் குறுநார் உதிரும். தமிழகத்திலோ ஓலையே எழுதுபொருளாக நீடித்தமையால் அத்தாளுக்கும் தேவை குறைவாயிருந்தது. காகிதம் என்ற சொல் பாரசீகவழி வந்தது. கடுதாசி போர்த்துகீசியவழி வந்தது. இரு சொற்களும் கடல்கடந்து வந்த பொருளின் சுவடுகளே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது தாள் பற்றாக்குறையால் எழுத்தையே சிறிதாக வார்க்க நேர்ந்தது. பொறையாற்றில் தாள் பட்டறையொன்றும் தொடங்கப்பட்டது. தமிழ் எழுத்தின் அளவையே தாள் தீர்மானித்த நிகழ்ச்சி இது.

ஜப்பான் சென்ற துணி

ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். பின்னர்ச் சதுரங்கப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். இக்கரையின் துணிகள் அவர்களது கப்பல்களில் நாகசாகியை அடைந்தன. கோடுபோட்ட பருத்தித் துணியொன்றுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சாந்தோமே'. மயிலாப்பூரைப் போர்த்துகீசியர் சான் தோமே என்றழைத்ததன் திரிபு அது. பூவேலைத் துணி 'சரசா' எனப்பட்டது.

சரசாவை ஜப்பானியர் தாமே செய்ய முற்பட்டபோது எழுதுகோலின் இடத்தைப் பெரும்பாலும் தாள் பிடித்தது. கோசோத் தாள் சிலவற்றை ஒட்டி, பழுக்காத சீமைப்பனிச்சைச் சாற்றின் துவர்ப்பேற்றிப் புகையில் பதப்படுத்தி, அதில் வடிவங்களை வெட்டி அச்சுத்தகடாக்கினர். சாயப்பசையின் ஈரத்தைப் பலமுறை தாங்கும் தாள் கையிலிருந்ததாலேயே இது இயன்றது. 1778இல் 'சரசா பென்ரான்' என்ற மாதிரிநூல் வெளிவந்தது. இந்தியத் துணி வடிவங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டுத் தாளில் அச்சாயின. இக்கரை வடிவங்களின் தாளச்சுப் பதிவு இக்கரையில் உருவாகாமல் ஜப்பானில் உருவானது என்ற உண்மை, நம் துணி வரலாற்றாளர் அதிகம் கருதாத ஒன்று.

மதுரைக் கோயில், எச்சிசென் மரபு

யோஷிதா ஹிரோஷி (1876-1950) தம் மகன் தோஷியுடன் 1930-31இல் இந்தியாவில் பயணம் செய்தார். அப்பயணத்தின் விளைவான அச்சுப்படத் தொகுதியில் மதுரைப் பெருங்கோயிலும் இடம்பெற்றது. யோஷிதா தாளின்மேல் வைத்த கோரிக்கை முன்னோரினும் கடுமையானது. ஒரே கட்டைகளில் வண்ணத்தை மட்டும் மாற்றிக் காலை, பகல், மூடுபனி, மாலை, இரவு எனப் பாய்மரப் படகுகளை 1926இல் அச்சிட்டவர் அவர். நிக்கோவின் யோமெய் வாயிலைக் காட்டும் 1937ஆம் ஆண்டுப் படத்துக்குத் தாள் 96 முறை கட்டையேறியது. இத்தனை முறை நனைந்தும் தேய்ந்தும் அளவு மாறாதிருக்க நீண்ட நாரும் சமமான டோசாப் பூச்சும் வேண்டும். அவர் 1939இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மரக்கட்டை அச்சுக் கையேடு இவ்வனுபவத்தின் மேல் எழுந்தது. கோயில் தூண்களின் இருளை ஒரே கருமையால் நிரப்பாமல் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுதல் மெருகிட்ட தாளில் இயலாத வேலை.

ஹோஷோத் தாளின் புகழ்பெற்ற இடம் எச்சிசென். அங்கு இவானோ இச்சிபெய் என்ற பெயரைத் தலைமுறைதோறும் தாங்கிவரும் குடும்பத்தின் எட்டாமவர் 1968இலும் ஒன்பதாமவர் 2000இலும் அரசால் வாழும் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பெற்றனர். முற்கால ஹோஷோவில் வெண்மைக்காக அரிசிமாவு சேர்த்ததும் உண்டு. அது தாளை மென்மையாக்கும், பூச்சியையும் அழைக்கும். இராமபாணப் பூச்சி ஓலையையும் ஏட்டையும் தின்றதை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனவே இன்று தமிழகத்தில் சேமிக்கும் நோக்குடன் தாள் வாங்குவோர் மாவுச் சேர்க்கையற்ற தூய கோசோவையே கேட்டு வாங்குதல் நலம்.

பழைய கட்டைகளுக்கு எந்தத் தாள்?

துணியச்சுக் கட்டைகள் இன்று பழம்பொருளாகவும் சுவர் அலங்காரமாகவும் விலைபோகின்றன. விற்கப்படுமுன் அவற்றைப் பதிவு செய்ய ஒளிப்படம் போதாது. கோட்டின் ஆழமும் தேய்மானமும் படியெடுப்பில்தான் தெரியும். பலர் கட்டையில் எண்ணெய் மை பூசித் தடித்த ஓவியத்தாளில் அழுத்திப் படியெடுக்கின்றனர். இது கட்டைக்கும் தீங்கு, பதிவுக்கும் தீங்கு. மரத்துள் இறங்கிய பழைய சாயமும் காரமும் ஆய்வுச் சான்றுகள்; மை அவற்றை மறைத்துவிடும்.

கல்வெட்டைப் படியெடுப்போர் தாளை நனைத்துக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் குத்திப் பதித்து, மேற்புறத்தில் மை ஒற்றுவர். மரத்துக்கு நீரும் வேண்டா. கட்டையை முகம் நிமிர்த்தி வைத்து, சதுர மீட்டருக்கு 30 கிராமுக்கு மிகாத, டோசா பூசாத கோசோத் தாளை உலர்ந்த நிலையில் விரித்து, மேற்புறத்தைக் கரிமெழுகால் தேய்த்தல் தகும். மை கட்டையைத் தொடாது. நீண்ட நார் ஆழத்தில் வளைந்து கொடுக்கும், கிழியாது. பூச்சில்லாமையால் அமிலமும் சேராது. மிக நுண்ணிய கோடுடைய கட்டைக்குக் காம்ப்பியைக் கொள்ளலாம். ஈரமே இல்லாமையால் அதன் சுருங்கும் குறை இங்கு எழாது. வண்ண அச்சுக்கு ஏற்ற தாள் வேறு, படியெடுப்புக்கு ஏற்ற தாள் வேறு. தாளின் வழவழப்பான முகம் மேலிருக்க வேண்டும். பலகையில் ஒட்டி உலர்த்தியபோது பலகையைத் தொட்ட பக்கம் அதுவே. கட்டை கிடைத்த ஊர், கைமாறிய வழி, மரம், அளவு ஆகியவற்றை அதே தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தல் வேண்டும். தனித்தாளில் எழுதிய குறிப்பு பதிவை விட்டுப் பிரிந்துவிடும்.