கணுக்கால் சுளுக்கு: நீவி விடலாமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? விளையாட்டு வீரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி பக்கம் பொங்கல், கோயில் திருவிழா என்றால் மின்னொளி கபடிப் போட்டியும் சேர்ந்தே வந்துவிடும். ரைடு போகிறவரின் கணுக்காலை எதிரணி வீரர் பிடிக்கிறார். பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. கால் மடங்கி விழுந்தவரைச் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது, "சுளுக்குதான்பா, நீவி விட்டா சரியாயிடும்" என்பதுதான்.

பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுளுக்கு என்றால் என்ன?

நரம்பு பிசகிக்கொண்டது, அதை இழுத்து நேராக்கலாம் என்ற நம்பிக்கை ஊர்ப்புறத்தில் இன்றும் உண்டு. உண்மையில் கணுக்கால் சுளுக்கு என்பது எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநார், அதாவது லிகமென்ட், அளவுக்கு மீறி இழுபடுவது அல்லது கிழிவது. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்கத் தசைநார்களில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் அடிபடும். கபடியில் மட்டுமல்ல, வாலிபாலில் துள்ளி இறங்கும்போது இன்னொருவர் பாதத்தை மிதித்தாலும் இதே கதைதான்.

லேசாக இழுபட்டிருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் சரியாகலாம். பாதி கிழிந்திருந்தால் ஒன்றரை மாதம் வரை ஆகலாம். முழுதாக அறுந்திருந்தால் மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

பெரிய வீரர்களுக்கும் இந்தக் கணக்கு தப்புவதுண்டு. 2023 உலகக் கோப்பையில் அக்டோபர் 19 அன்று புனேயில் வங்கதேசத்துக்கு எதிராகப் பந்துவீசிய ஹர்திக் பாண்டியா, பந்தைக் காலால் தடுக்கப் போய் இடது கணுக்காலில் காயமடைந்தார். ஒரு ஆட்டம் மட்டும் ஆட மாட்டார், லக்னோவில் அணியுடன் சேர்ந்துவிடுவார் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். நவம்பர் 4 அன்று தொடரிலிருந்தே விலகினார். ஐபிஎல்லில் அவர் களமிறங்கியது 2024 மார்ச்சில்.

முதல் இரண்டு நாள் என்ன செய்யலாம்?

நீவக் கூடாது, எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. சூடான புளி உப்புப் பற்றும் இப்போது வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும். கிழிந்த தசைநாரை இழுத்தால் இன்னும் கிழியும்.

துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். வலி குறையும், அவ்வளவுதான். குணமாவதை அது வேகப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுத்திருக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே தளர்த்த வேண்டும்.

எப்போது எக்ஸ்ரே?

கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதிகளை இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் பின்விளிம்பில் அமுக்கினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ, உட்பக்கம் நடுப்பாதத்திலோ அமுக்கினால் வலிக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. எலும்பு முறிவோடு நீவி விட்டால் என்னாகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மறுபடி மறுபடி சுளுக்குவது ஏன்?

ஒரு முறை சுளுக்கிய காலுக்குத்தான் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம். தசைநாரில் உள்ள உணர்வு முனைகளும் சேர்ந்து அடிபடுவதால், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது மூளைக்குச் சரியாகத் தெரிவதில்லை. வலி போன உடனே "செமி ஃபைனல் இருக்கு" என்று களத்தில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அதற்காக மாதக்கணக்கில் படுத்திருப்பதும் தப்பு. வலி தாங்கும் அளவுக்குச் சில நாட்களிலேயே காலை ஊன்றத் தொடங்கலாம். உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதலாம். பிறகு பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. அது சுலபமானதும் கண்ணை மூடி, பக்கத்தில் சுவரை வைத்துக்கொண்டு நிற்பது. அடிபட்ட காலால் மட்டும் வலியில்லாமல் நொண்டியடிக்கவும், ஓடும்போது சட்டென்று திரும்பவும் முடிந்தால்தான் ஆட்டத்துக்குத் திரும்பலாம்.

ஏற்கெனவே சுளுக்கியவர்கள் ஆடும்போது ஆங்கிள் பிரேஸ் போடுவதும், ஒற்றைக்கால் பயிற்சியைத் தொடர்வதும் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. களத்தில் உள்ள குழியை ஆட்டத்துக்கு முன்பே மண் போட்டு மூடுவது போட்டி நடத்துபவர்கள் வேலை.

பள்ளி மாணவர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. வளரும் வயதில் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு, தசைநாரைவிட பலவீனமானது. பார்க்கச் சுளுக்கு போலவே இருந்தாலும் அடிபட்டது அந்தத் தட்டாக இருக்கலாம். கால் ஊன்ற மறுக்கும் பிள்ளையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.