கூடையோடு ஊர் ஊராய்...

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குச் சிறப்பு ரயில் விடுகிறதே தெற்கு ரயில்வே, அதில் முண்டியடித்து ஏறிப்போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்திருப்பீர்கள். அந்த ரயில்வேயில் வேலை கிடைத்து சென்னைக்கு வந்த ஒரு பெண்ணின் கதை தெரியுமா? உயரம் ஆறடி இரண்டங்குலம். பெயர் கீது அன்னா ஜோஸ்.

1985-ல் கோட்டயம் பக்கம் கொல்லாட்டில் பிறந்தவர். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படிக்கும்போதே கூடைப்பந்தில் அசத்தியவர். சரி, கல்லூரி முடிந்தது. அப்புறம்?

இந்தக் கேள்விதான் விஷயமே. கூடைப்பந்து நமக்குப் புதுசு இல்லை. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்கிற வாத்தியார், குளிர்காலத்தில் பையன்களைச் சமாளிக்கப் பழக்கூடையைச் சுவரில் மாட்டிக் கண்டுபிடித்த ஆட்டம். ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் அதைப் போகிற இடமெல்லாம் எடுத்துப் போனார்கள். சென்னையில் ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-லேயே உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்துவிட்டார். ஆக, ஆட்டம் வந்து நூறு வருஷம் ஆச்சு. ஆனால், ஆடிப் பிழைக்க ஒரு லீக்? கீது கல்லூரியை விட்டு வந்த நாளில் பெண்களுக்கு அப்படி ஒன்று இங்கே கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் உத்தியோகம், மாசச் சம்பளம், சாயங்காலம் பிராக்டீஸ். அவ்வளவுதான். கேலியாகச் சொல்லவில்லை. அந்த உத்தியோகம் இல்லாவிட்டால் பாதிப் பேர் கல்லூரியோடு ஷூவைக் கழற்றியிருப்பார்கள். தேசியப் போட்டிகளில் பெண்கள் கோப்பையை ரயில்வே வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு போனதன் ரகசியமும் அதுதான்.

கீது இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்த்தார். 2006-லிருந்து 2008 வரை மூன்று சீசன், மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலிய கிளப் ஒன்றில் இப்படித் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அது ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் இல்லை. விக்டோரியா மாநில லீக். பெரிய பணம், பெரிய கூட்டம் என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். அங்கே சீசன் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வாக்கில் முடியும். நம் தேசியப் போட்டி பெரும்பாலும் வருஷக் கடைசியில். அதனால் இரண்டு பக்கமும் ஆட முடிந்தது. 2009-ல் ஆசிய சாம்பியன்ஷிப் சென்னைக்கே வந்தபோது இந்திய அணிக்கு அவர்தான் ஆதாரம்.

2011 ஏப்ரலில் வந்தது பெரிய அழைப்பு. அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.! சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஆன்டோனியோ என்று மூன்று அணிகள் கூப்பிட்டுப் பரிசோதித்தன.

கணக்கைப் பாருங்கள். அந்த வருஷம் மொத்தம் 12 அணி. அணிக்கு அதிகபட்சம் 11 பேர். உலகத்துக்கே 132 நாற்காலி! அதற்கு, பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து, அந்த ஒரு வருஷத்து டிராஃப்டில் மட்டும் புதிதாக வந்தவர்கள் 36 பேர். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி நாட்களிலேயே டி.வி. கேமரா முன்னால், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஆடிப் பழகியவர்கள். நம் ஆள் போனது 25 வயதில், வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் கடுமையான ஆட்டம் கிடைக்கிற ஒரு நாட்டிலிருந்து. மூன்று அணியும் ஒப்பந்தம் தரவில்லை. திறமைக் குறைவு என்று இதை எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறடி இரண்டங்குலம் இங்கே மலை; அங்கே உள்வட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு அது சாதாரணம். நம் ஊரில் தன்னைவிட உயரமானவரை எதிர்த்து ஆடிப் பழக அவருக்கு ஆள் ஏது?

திரும்பி வந்தவர் மூலையில் உட்காரவில்லை. ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் தொடர்ந்து ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது. அவரோடு தெற்கு ரயில்வேயில் ஆடிய நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை, 19 வயதில் இந்திய அணிக்கே கேப்டனானவர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வாங்கும்போதும் ரயில்வே ஊழியர்தான்!