கெர்சனில் கட்டப்பட்ட ஜெர்மன் விமானம்

விமானம் என்றதும் போயிங், ஏர்பஸ் என்ற பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டே பேர் உட்காரும், ஒரு காரை விட எடை குறைந்த விமானங்களும் உண்டு. ஜெர்மனியின் ஃபிளைட் டிசைன் நிறுவனம் உருவாக்கிய 'சிடி' அந்த வகைதான்.

பாராகிளைடர், ஹேங் கிளைடர் என்று செய்துவந்த இந்த நிறுவனம் 1990களில் சிடியை வடிவமைத்தது. அப்போது ஜெர்மனியில் இத்தகைய குட்டி விமானங்களுக்கு எடை வரம்பு 450 கிலோ. ஆபத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டும் கட்டாயம். அதற்காக இன்னும் 22.5 கிலோ அனுமதி. இவ்வளவு குறைந்த எடைக்குள் உறுதியும் வேண்டும் என்றால்? கார்பன் ஃபைபர்தான் வழி!

கார்பன் ஃபைபர் வேலை லேசானதல்ல. துணி போன்ற இழைகளை அச்சில் அடுக்கடுக்காகப் பரப்பி, பிசின் ஏற்றி, சூடாக்கி இறுக்க வேண்டும். பெரும்பாலும் கைவேலை. ஜெர்மனியின் கூலிக்கு அது கட்டுபடியாகாது. எனவே வடிவமைப்பு ஜெர்மனியில், தயாரிப்பு உக்ரைனின் கெர்சன் நகரில் என்று ஆனது.

2004ல் அமெரிக்கா 'லைட் ஸ்போர்ட்' என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தது. இரண்டு இருக்கை, 600 கிலோ வரம்பு, அதிகபட்சம் 120 நாட் வேகம். முக்கியமான சலுகை வேறு. அரசின் நீண்ட சோதனைகளுக்குப் பதிலாக, தொழில்துறை வகுத்த தரத்துக்கு ஏற்ப விமானம் இருப்பதாகத் தயாரிப்பாளரே உறுதியளிக்கலாம். செலவு வெகுவாகக் குறைந்தது. 2005லேயே அனுமதி பெற்ற முதல் சில விமானங்களில் இறக்கை குறுகிய சிடிஎஸ்டபிள்யூவும் ஒன்று. சில ஆண்டுகள் அங்கே இந்தப் பிரிவில் விற்பனையில் முன்னணியில் இருந்ததும் சிடிதான். 2008ல் சிடிஎல்எஸ் வந்தது.

அதே 2008ல் பொருளாதார நெருக்கடியும் வந்தது. வாங்குவோர் குறைந்தார்கள். 2014ல் கெர்சனை ஒட்டியுள்ள கிரிமியாவை ரஷ்யா பிடித்தது. நான்கு இருக்கை கொண்ட சி4 2015ல் பறந்தும், 2016ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2017ல் லிஃப்ட் என்ற ஜெர்மன் குழுமம் அதை வாங்கியது. எஃப்2 என்ற புதிய மாடலும் பிறந்தது.

ஆனால் 2022 மார்ச்சில் ரஷ்யப் படை கெர்சனைக் கைப்பற்றியது. தயாரிப்பு செக் குடியரசின் ஷும்பெர்க் நகருக்கு மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் கெர்சன் மீட்கப்பட்டாலும், ஆற்றின் மறுகரையிலிருந்து குண்டுகள் விழுவது நிற்கவில்லை.

சிடியின் விலையைக் கட்டுக்குள் வைத்தது கெர்சன் தொழிலாளர்களின் கைகள். ஒரே ஊரை நம்பிய அந்தக் கணக்கில் போருக்கு மட்டும் இடம் இல்லை. விமானத்துக்குப் போக வேறு ஊர் இருந்தது. அதைச் செய்தவர்களின் வீடுகள் கெர்சனில்தான் இருந்தன.