கடல் கடந்த கையொப்பம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஆரியச்சக்கரவர்த்திகளைப் பற்றியும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றியும், தேசவழமையைப் பற்றியும், பாதிரிமாரும் சைவப் பெரியாரும் நிறுவிய கல்விக்கூடங்களைப் பற்றியும் விரிவாக எழுதிச் சென்றனர். அவ்வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு சிறு காகிதம் உண்டு. பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த தாளாகவோ, படமாளிகை வாயிலிலே சில சதங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தின் மேலட்டையாகவோ, தபாலில் வந்த நிழற்படமாகவோ அஃது இருக்கும். அதன் ஒரு மூலையிலே, சற்றுச் சாய்வாக, ஒரு நடிகரின் பெயர் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். இளமையில் தாம் நெஞ்சார நேசித்த நடிகரை ஒருவர் நேரிற் கண்டார் என்பதற்கு அதுவே சான்று.

சென்னையிலும் மதுரையிலும் இத்தகைய கையொப்பங்கள் எண்ணிறந்தன கிடைத்திருக்கும். ஆங்கெல்லாம் நடிகர் அதே ஊரில், அன்றேல் ஓர் இரவுப் பயணத் தொலைவில் வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்து இரசிகனுக்கோ இடையிலே கடல் இருந்தது. மொழி ஒன்று, பாட்டு ஒன்று, தெய்வமும் ஒன்று. ஆயினும் கடவுச்சீட்டு இரண்டு. ஆகையினாலே இங்கு ஒரு கையொப்பத்துக்கு இருந்த மதிப்பு வேறு.

எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 இல் வெளிவருவதற்கு முன்னர், தமிழகத்து நாடகக் குழுவினர் கப்பலேறி இலங்கைக்கு வந்து தங்கி ஆடினர். யாழ்ப்பாணத்திலே நாடகக் கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். இரவிலே மடுவத்தில் அரசனாக முடி தரித்தவர், மறுநாட் காலையிலே கடைத்தெருவில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்பார். அவரைக் காண விரும்பியவர் அவரைக் கண்டார். பேச விரும்பியவர் பேசினார். கையொப்பம் என்ற எண்ணமே எழுவதற்கு அங்கு இடமில்லை. இசை மேடையில் ஈடிணையின்றி விளங்கிய எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒருவரையொருவர் சந்தித்ததே 1920களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு நாடகமாட வந்த இடத்தில்தான். 1927 இல் அவர்கள் மணம் புரிந்தனர். 1933 இல் கிட்டப்பா மறைந்தார். பின்னர் சுந்தராம்பாள் திரையிலே தோன்றி, 1953 இல் ‘ஔவையார்’ படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, நாடகக் காலத்தை அறிந்த முதியோர் சிலராவது அத்திரையை வேறு கண்கொண்டு பார்த்திருப்பர். அவர்களுக்கு அது நிழல் அன்று. முன்பே அறிந்த ஒருவர்.

மேடைக் காலத்தின் இந்த நெருக்கம் உள்ளூர் நடிகரிடம் நெடுநாள் நிலைத்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) கோவில் திருவிழா இரவுகளிலே விடியும்வரை அரிச்சந்திரனாக மயானம் காத்தவர். ஆயிரக்கணக்கான மேடைகளைக் கண்டவர். குடாநாட்டில் அவருக்கு இருந்த இரசிகர் கூட்டம் எந்தத் திரைப்பட நடிகருக்கும் இருந்ததினும் குறைந்ததன்று. ஆயினும் அவரிடம் ஓடிச்சென்று கொப்பியை நீட்டியோர் மிகக் குறைவாகவே இருந்திருப்பர். அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு வரப்போகின்றவரிடம் கையொப்பம் எதற்கு?

திரைப்படம் வந்தது, முகம் நெருங்கியது, மனிதர் விலகினார். வெலிங்டன், றீகல், வின்சர், ராஜா, ராணி, மனோகரா, லிடோ என்று யாழ்ப்பாண நகரிலே படமாளிகைகள் பெருகின. நடிகரின் கண்ணிமை அசைவதையும் உதடு துடிப்பதையும் கலரியில் இருந்த சிறுவன் கண்டான். இத்துணை அருகில் எந்த மடுவத்திலும் எவரையும் அவன் பாட்டனார் கண்டதில்லை. ஆனால் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அந்த முகத்துக்குரியவர் அவ்வூரில் இல்லை, அந்நாட்டிலும் இல்லை. கையிலே எஞ்சியது பாட்டுப் புத்தகம் ஒன்றே. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவந்து, முடிச்சு இறுகும் இடத்தில் மிகுதியை வெள்ளித்திரையிற் காண்க என்று நிறுத்திவிடும் அச்சிறு புத்தகத்தை, பாட வேண்டும் என்பதற்காக மட்டும் எவரும் பத்திரப்படுத்தவில்லை.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரே அத்திரைக்குள் நுழைந்ததும் உண்டு. கே. தவமணிதேவி சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் முதற் படமான ‘சதி அகல்யா’விலே 1937 இல் நடித்தார். ‘வனமோகினி’ (1941), ‘வித்யாபதி’ (1946), எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகனாகத் தோன்றிய ‘ராஜகுமாரி’ (1947) ஆகியன அவர் நடித்த ஏனைய படங்களுட் சில. உடையிலும் நடையிலும் அவர் காட்டிய துணிவு அந்நாளிலே பெரும் பேச்சாயிற்று. தமிழகத்தார் அவருக்கு இட்ட பட்டம் ‘சிங்களத்துக் குயில்’ என்பது. யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணைச் சிங்களத்துக் குயில் என்று அழைத்ததிலிருந்து, கடலுக்கு அப்பால் இருந்தோர் இக்கரையை எவ்வளவு அறிந்திருந்தனர் என்பது விளங்கும். இறுதிக் காலத்தில் அவர் வாழ்ந்த இடம் இராமேசுவரம். இரு நாட்டுக்கும் இடையே கப்பல் வந்துபோன அந்தத் தீவிலேயே 2001 இல் அவர் காலமானார்.

இனி, கையொப்பம் கிடைத்த வழியைச் சற்று நோக்குவோம். முதலாவது வழி தபால். ‘பேசும் படம்’ முதலிய திரைப்பட ஏடுகள் யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளிலே தொங்கின. அவற்றைப் படித்து முகவரி அறிந்து கடிதம் எழுதலாம். மறுமொழிக்கு முத்திரை வைத்து அனுப்புவது வழக்கமல்லவா? இலங்கை முத்திரை சென்னைத் தபாற் கந்தோரிலே செல்லாது. அதற்கெனப் பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் என்று ஒன்று உண்டு. 1906 இல் உரோமாபுரியில் கூடிய உலகத் தபால் ஒன்றிய மாநாடு ஏற்படுத்தியது. அதனை இங்கு விலைகொடுத்து வாங்கி அனுப்பினால், பெறுபவர் தம் நாட்டு முத்திரையாக மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் பரீட்சையிலே அந்நியச் செலாவணி பற்றிய வினாவுக்குத் தடுமாறிய மாணவனும் இதனை நன்கு அறிந்திருந்தால் வியப்பதற்கில்லை. சில வாரங்களின் பின், அதிர்ஷ்டமிருந்தால், ஒரு நிழற்படம் வரும். அதிலுள்ள கையொப்பம் நடிகரே இட்டதா, காரியதரிசி இட்டதா, அச்சிலே ஏற்றியதா என்ற ஐயம் பிறர்க்கு எழலாம். உறையைப் பிரித்தவனுக்கு அது எழாது.

இரண்டாவது வழி பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் மதவாச்சிக்குச் சென்று, ஆங்கு மாறித் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால் மறுபடியும் புகையிரதம். 1914 முதல் இருந்த பாதை அது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1980களின் போர்க்காலத்தில் அதுவும் நின்றது. வசதியுடையோர்க்கு வானூர்தியும் இருந்தது. எயர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 ஆம் நாள் தன் முதற் பறப்பை நடத்தியபோது, இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியிலே காங்கேசன்துறையில் இறங்கிச் சென்றது.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் பெரும்பாலும் தல யாத்திரை என்று சொல்லியே புறப்பட்டன. சிதம்பரத்திலே ஆடும் கூத்தனைத் தரிசித்த பின்னர், எஞ்சிய இரண்டு நாள்களில் சென்னைக்குச் சென்று கோடம்பாக்கத்துக் கூத்தரையும் கண்டுவர வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்வர். சிவாஜி கணேசனின் ‘அன்னை இல்லம்’ தியாகராய நகரில் இருந்தது, எம். ஜி. ஆரின் இல்லம் இராமாவரத்தில். வாயிலிலே நின்ற கூட்டத்திற்குள் சிலோனிலிருந்து வந்திருக்கிறோம் என்று ஒரு குரல் எழுந்தால், அச்சொல்லுக்குக் கதவு திறந்ததென்று சொல்வோர் உளர்.

வல்வெட்டித்துறைக் கடலோடிகள் வள்ளத்திற் சென்று வேதாரணியத்தில் இறங்கிப் படம் பார்த்துத் திரும்பிய கதைகளும் வடமராட்சியில் இன்றும் வழங்குகின்றன. அவர்கள் எவரும் கையொப்பம் பெற்றதாகக் கதையில்லை. அப்பயணத்திலே எங்கும் கையொப்பமிடாமல் வருவதே சிறப்பு.

இவ்விடத்திலே வானொலி நேயர்கள் மகிழத்தக்க ஒரு செய்தியைச் சொல்லாமற் செல்லலாகாது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, தமிழகத்து மக்கள் இலங்கை வானொலியை நாடினர். தங்கள் ஊர்ப் படங்களின் பாடல்களைக் கொழும்பிலிருந்து கேட்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர் குரல்கள் இராமநாதபுரத்துத் தேநீர்க் கடைகளிலும் திருநெல்வேலித் திண்ணைகளிலும் வீட்டுக் குரல்களாயின. முகம் அறியாத அறிவிப்பாளருக்கு அங்கிருந்து கடிதங்கள் குவிந்தன. பின்னாளிலே கே. எஸ். ராஜாவுக்கும் பி. எச். அப்துல் ஹமீதுக்கும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துச் சிறுவன் சென்னைக்கு எழுதிய கடிதமும், தமிழகத்துச் சிறுவன் கொழும்புக்கு எழுதிய கடிதமும் தலைமன்னார்க் கப்பலில் ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கக்கூடும்.

1965 ஒக்டோபரில் எம். ஜி. ஆர். பி. சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தார். இருவரும் இணைந்து நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ அவ்வாண்டுப் பொங்கலுக்கு வெளியானது. மலையகத்தில் 1917 இல் பிறந்த குழந்தை, நாற்பத்தெட்டு வயதிலே தான் பிறந்த நாட்டுக்கு நட்சத்திரமாக வந்த நிகழ்ச்சி அது. இரண்டாண்டுகளுக்குள், 1967 சனவரியில், துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்திலே பாய்ந்தது, குரல் மாறியது. திரையிலே அம்மாற்றத்தைக் கேட்ட இரசிகர் அவரைக் கைவிடவில்லை. கல்வியங்காட்டிலே அவருக்குச் சிலை உண்டு; பிறந்த நாளில் மாலை விழுகின்றது.

1970களிலே நிலைமை மாறிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியினாலும் உள்நாட்டு எழுத்தையும் திரைப்படத்தையும் வளர்க்கும் நோக்கத்தினாலும் அரசாங்கம் தமிழகத்துச் சஞ்சிகைகளின் வரவைக் கட்டுப்படுத்தியது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குச் சென்றது. இரசிகருக்கு அது வறட்சிக் காலம். உள்ளூர்க் கலைஞர்க்கு அது மழைக்காலம் என்றும் சொல்லவேண்டும். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ 1972 இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978 இலும் வெளிவந்தன. ‘குத்துவிளக்கு’ குடாநாட்டு மண்ணிலேயே படமாக்கப்பட்டது. தம் ஊர் வயலும் வேலியும் திரையிலே தோன்றியதை மக்கள் கண்டனர். நடித்தவர்களைத் தெருவிலும் கண்டனர். மடுவக் காலம் சிறிது திரும்பி வந்தாற்போல இருந்தது. 1980களின் தொடக்கத்துக்குப் பின்னர் அம்முயற்சியும் தளர்ந்தது.

பின்னர் வந்தது போர். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை உலகம் அறியும். வீட்டுப் பெட்டிகளிலே இருந்த காகிதங்கள் அழிந்த கணக்கை எவரும் எடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஓர் இரவிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஒரு பையிலே எதை வைப்பது? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், நகை, மருந்து. ஓட்டோகிராப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளும்படி எந்தத் தாயும் சொல்லியிருக்கமாட்டாள். மாதங்கள் கழித்துத் திரும்பியோர் கதவற்ற, கூரையற்ற வீடுகளைக் கண்டனர். காகிதத்தைக் கறையானும் மழையும் கொண்டுபோயின. இன்று எஞ்சியிருப்பவற்றுட் பல, அதற்கு முன்னரே புலம்பெயர்ந்தவர்களுடன் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் சென்றவையே. கையொப்பமிட்ட படம் முதலிற் சென்னையிலிருந்து ஒரு கடலைத் தாண்டியது. பின்னர் பல கடல்களைத் தாண்டியது.

இப்போது பாதைகள் ஒவ்வொன்றாய்த் திறக்கின்றன. 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு வானூர்தி புறப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 2024 பெப்ரவரி 9 ஆம் நாள் யாழ்ப்பாணம் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சிக்குத் தமன்னா முதலிய நட்சத்திரங்கள் வந்தபோது, கூட்டம் தடுப்பு வேலிகளைத் தகர்த்து மேடையை நோக்கிப் பாய்ந்தது. நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. அவ்வொழுங்கின்மையைப் பலர் கண்டித்தனர்; கண்டிக்கத்தக்கதே. ஆயினும் நட்சத்திரங்களைத் திரையில் மட்டுமே கண்டு வளர்ந்த ஊர், கையெட்டும் தூரத்தில் அவர்களைக் கண்டபோது முன்னே நகர்ந்தது என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்வது நன்று. அன்றிரவு எவர் கையிலும் கொப்பி இல்லை. உயர்த்திய கைகளிலெல்லாம் தொலைபேசிகள் இருந்தன.

2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம ஆவணத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடித் தொகுத்து வருகின்றது. பாட்டுப் புத்தகமும் கையொப்பமிட்ட நிழற்படமும் அத்தகைய தொகுப்பிலே இடம்பெறத் தகுதியற்றவை என்று அவற்றை வைத்திருப்போரே கருதுகின்றனர்; ஆகையால் எவருக்கும் காட்டுவதில்லை. 1965 இலே பத்து வயதாக இருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். படத்தின் முன்புறத்தில் உள்ள பெயரை எவரும் வாசிப்பர். அது எந்த நாள், எந்த ஊர், யார் அழைத்துச் சென்றார், நடிகர் என்ன கேட்டார் என்பதெல்லாம் படத்தின் பின்புறத்திலே எழுதப்படாமல் வெறுமையாக இருக்கின்றது. பென்சிலால் எழுதினாற் போதும். மை, காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.