பஸ்ஸைத் திருப்பி அழைக்கும் சட்டம்



பிரேக் பிடிக்காமல் பஸ் கவிழ்ந்தால் நாம் முதலில் தேடுவது சாரதியை. செய்த கம்பனியை யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கா 1966இல் கேட்டது. வாகனத்தில் ஆபத்தான குறை தெரிந்தால் உரிமையாளருக்குக் கம்பனி அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் கடமை 1974இல்தான் சேர்ந்தது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை இந்திய அரசு 2019இல் சட்டத்திருத்தம் மூலம் பெற்றது.

நம் நாட்டில் பஸ் சேவை 1958 ஜனவரி 1இல் அரசுடைமையானது. 1979இல் தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. சபையோ தனியாரோ, இன்று ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்பு. அங்கே ஒரு குறை பிடிபட்டால், அந்த அறிவித்தல் கடல் தாண்டி சல்லி வீதியில் ஓடும் பழைய பஸ்ஸின் உரிமையாளருக்கும் வந்து சேர வேண்டும்.

நம் பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். அவர்கள் உயிர் அமானிதம். கேட்போம்.