21ஆவது மாயாவி

எங்கள் ஊர்ப் பேருந்துப் பலகைகளில் ‘மயிலாடுதுறை’ என்று எழுதியிருக்கும். நடத்துநர் ‘மாயரம், மாயரம்’ என்றுதான் கூவுவார். மாயூரம், மாயவரம், மயிலாடுதுறை என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது; ஊர் அதேதான். இந்த வாரக் கதை இதற்கு நேர்மாறு. பெயர் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பான்.

பள்ளிக்கூட நாட்களில் எங்கள் வகுப்பில் தீராத வழக்கு ஒன்று உண்டு. உண்மையான மாயாவி யார்? ஒரு கட்சி, சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அவர். இங்கிலாந்தில் 1962இல் ‘வேலியண்ட்’ வார இதழில் லூயிஸ் கிராண்டெல் என்ற பெயரில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும். மாயாவி என்ற பெயருக்கு முழு உரிமை அவருக்கு உண்டு. எதிர்க்கட்சி, ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவி. இவருக்கு மறையவெல்லாம் தெரியாது. குண்டு பட்டால் ரத்தம் வரும், செத்தும் போவார். ஆனாலும் மாயாவி!

இந்த இரண்டாமவரின் ஜாதகம்தான் சுவையானது. அமெரிக்காவில் 1936 பிப்ரவரி 17 அன்று லீ ஃபாக் எழுத, ரே மூர் வரைய, நாளிதழில் தினமும் ஒரு துண்டாக வெளியான ‘ஃபேன்டம்’ அவர். பகலில் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன், இரவில் முகமூடிக்காரன் என்றுதான் ஃபாக் முதலில் நினைத்திருந்தார். கதை பாதி ஓடும்போது மனம் மாறி, முகமூடிக்குள் நானூறு ஆண்டுகளை வைத்தார். 1536இல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். கரை ஒதுங்கிய இளைஞன் கிறிஸ்டோபர் வாக்கர், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான்: கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்பேன், என் மக்களும் அவர்கள் மக்களும் தொடர்வார்கள். தகப்பன் இறந்ததும் மகன் அதே உடையை அணிகிறான். நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. சாவே இல்லாத ஒரே மனிதன் என்று நம்புகிறார்கள். நாம் படித்தவர் 21ஆம் தலைமுறை. நானூறு ஆண்டில் இருபது பேர் என்றால் ஆளுக்குச் சராசரி இருபதே ஆண்டு. சாகாதவன் என்ற பெயருக்குக் கொடுத்த விலை அது.

இந்தியாவில் அவரைப் பரப்பியது 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ். ஃபாக்கின் காட்டு நாட்டுப் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. இங்கே ‘டெங்காலி’ ஆக்கினார்கள். சிங் கொள்ளையர் ‘சிங்கா’ கொள்ளையர் ஆனார்கள். இந்தியில் அவர் வேதாளம், வங்காளத்தில் அரண்யதேவ். தமிழ் இந்திரஜாலில் வேதாளர். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்துக்கு மரியாதை விகுதி கிடைத்தது அப்போதுதான். பிறகு தொண்ணூறுகளில் ராணி காமிக்ஸ் அவரை மாயாவி என்று அழைத்தது. ஆக, முகமூடியை வாரிசுக்குக் கொடுத்துவந்தவருக்கே தமிழில் இன்னொரு வீரரின் பெயர் வாரிசாக வந்து சேர்ந்தது! எங்கள் வகுப்புச் சண்டை தீராததில் வியப்பில்லை.

பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றுவது அமெரிக்கக் காமிக்ஸில் இப்போது வாடிக்கை. ‘ஃபிளாஷ்’ என்ற பெயரை 1940இல் ஜே கேரிக் வைத்திருந்தார், 1956இல் பேரி ஆலன், 1986இல் வாலி வெஸ்ட். விற்பனை மங்கினால் புது ஆளுக்குப் பழைய சட்டை.

நம் காவிரிக்கரைக்கு இது புதிதா? விஜயாலயன் முதல் மூன்றாம் ராஜேந்திரன் வரை, ஏறத்தாழ 850 முதல் 1279 வரை, முடிசூடாமல் மறைந்த இளவரசர்களை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். சோழ மன்னர்கள் 21 பேர். எண்ணிவிட்டு நானே ஒருமுறை விரலைச் சரிபார்த்தேன். இவர்களும் முகமூடி வைத்திருந்தார்கள், ஒன்றல்ல, இரண்டு. ஒருவர் பரகேசரி என்றால் அடுத்தவர் ராஜகேசரி, அவருக்கு அடுத்தவர் மறுபடி பரகேசரி. ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. இயற்பெயர் இல்லாமல் ‘கோப்பரகேசரி’, ஆட்சியாண்டு என்று மட்டும் உள்ள கல்வெட்டு கிடைத்தால் ஆய்வாளர் பாடு திண்டாட்டம்தான். எந்தப் பரகேசரி? எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, உடன் வரும் அதிகாரிகளின் பெயரைப் பார்த்து, முகமூடியை மெல்லக் கழற்ற வேண்டும்.

வேதாளர் வரிசையில் ஒரு பெண்ணும் உண்டு. 17ஆம் வேதாளர் படுத்த படுக்கையானபோது, இரட்டைச் சகோதரி ஜூலி உடையை மாட்டிக்கொண்டு காட்டைக் காத்தாள். இதைப் படித்தபோது எனக்குக் கோனேரிராஜபுரம் நினைவு வந்தது. குத்தாலம் பக்கத்து ஊர், பழம்பெயர் திருநல்லம். கணவர் கண்டராதித்தர், ஒரு ராஜகேசரி, இறந்து பல ஆண்டுகள் கழித்து, மகன் உத்தமசோழன் என்ற பரகேசரியின் காலத்தில், செம்பியன் மாதேவி அங்கே கற்கோயில் எழுப்பினார். தன் பெயரில் அல்ல, கணவர் பெயரில். செம்பியன் மாதேவி என்பதும் பட்டப்பெயர்தான். பின்னால் வந்த சோழ அரசியர் சிலரும் அதைத் தாங்கினார்கள். கோயில் சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம் இன்னும் இருக்கிறது. தன் கண்ணால் பார்த்தேயிராத கோயிலில் அவர் நின்றுகொண்டிருக்கிறார்.

(தொடரும்)